வகுப்பறைக்கு வந்த சொற்கள்

ஒரு மொழியின் பெருமையை அதன் காப்பியங்களைக் கொண்டு அளப்பது அறிஞர் வழக்கம். அம்மொழியைப் பேசும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பாடநூலைக் கொண்டும் அதனை அளக்கலாம். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளும் நடுநிலைப் பள்ளிப் பருவம் எனப்படும். அதுவரை ஒன்றாகக் கிடந்த உலகம் இப்பருவத்தில்தான் பிள்ளையின் கண்முன் துறை துறையாகப் பிரிகிறது. நீர் ஆவியாவதும், இலை வெயிலைக் கொண்டு உணவு ஆக்குவதும், ஞாயிற்றைக் கோள்கள் சுற்றுவதும் அறிவியல் வகுப்பில் இடம்பெறுகின்றன. சிந்துவெளி நகரங்களும், காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகமும், நிலநடுக்கோடும், ஊராட்சி மன்றமும் சமூக அறிவியல் வகுப்பில் இடம்பெறுகின்றன.

இவற்றைத் தமிழில் படிக்கும் பிள்ளை, இச்சொற்கள் எல்லாம் தொன்றுதொட்டு இருந்தவை என்றே கருதும். உண்மை அதுவன்று. அவற்றுள் பெரும்பாலானவை இருநூறு ஆண்டுகளுக்குள் தேடப்பட்டவை; ஆக்கப்பட்டவை; அவைகளில் வழக்காடப்பட்டவை. சில சொற்கள் வென்றன. சில தோற்று மறைந்தன. அவ்வழக்கின் மூன்று முக்கியமான கட்டங்களில் கவிஞர்கள் முன்னின்றனர் என்பது இலக்கிய அன்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

திண்ணையும் பூமி சாஸ்திரமும்

சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் சுமார் 1,88,000 மாணவர் படித்தனர். தமிழ் வழங்கிய பகுதிகளில் இப்பள்ளிகள் பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகளே. மணலில் எழுதி எழுத்தறிந்த பிள்ளை, எண்சுவடியும், ஆத்திசூடியும், கொன்றைவேந்தனும், நிகண்டும் மனப்பாடம் செய்தது. கணக்கில் அப்பிள்ளை பெற்ற தேர்ச்சி வியக்கத்தக்கது. ஆயினும், பூமியின் வடிவம் யாது, மழை எவ்வாறு பெய்கிறது, நாட்டை ஆள்வோர் யார், முன்பு ஆண்டோர் யார் என்பன பாடமாக அமையவில்லை.

தமிழர்க்கு இயற்கையைப் பற்றிய சிந்தனை இல்லை என்பது இதன் பொருளன்று. ஞாயிற்றின் வீதியையும் அதன் இயக்கத்தையும் காற்று இயங்கும் திசையையும் கணக்கிட்டு அறிந்தோர் இருந்தனர் என்பதை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்றின் 30ஆம் பாட்டில் உவமையாகவே வைத்துப் பாடினார். சித்த மருத்துவர் பட்டறையில் எரித்தல், வடித்தல், பதங்கித்தல் ஆகிய செயல்கள் நாள்தோறும் நிகழ்ந்தன. அறிவு இருந்தது, அது பிள்ளைக்குரிய பாடமாக வரவில்லை என்பதே குறை.

அக்குறையை முதலில் நீக்க முயன்றோர் சமயப் பணிக்காக வந்த மேலைநாட்டினர். பாளையங்கோட்டையில் பணியாற்றிய இரேனியஸ் எழுதிய 'பூமி சாஸ்திரம்' 1832ஆம் ஆண்டில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டில் தோன்றிய செமினரி, தமிழ் மாணவர்க்கு மேலை அறிவியலைக் கற்பித்தது. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவக் கல்வியையே தமிழில் நடத்திக் காட்டினார். அவர்தம் முயற்சியால் 1875ஆம் ஆண்டில் வெளிவந்த வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் விகுதி ஒன்றைச் சேர்த்துப் பெயரிட்ட அம்முறை, சொல் இல்லாத இடத்தில் நின்றவரின் தவிப்பை உணர்த்துகிறது.

கல்வி, மக்கள் மொழியிலும் பரவ வேண்டும் என்று 1854ஆம் ஆண்டில் வந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை கூறியது. 1855ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கல்வித் துறை நிறுவப்பட்டது. சரித்திரம், பூகோளம் ஆகிய பாடங்கள் பள்ளிக்கு வந்தன. ஆயினும் ஒரு பெருந்தடை நீங்கவில்லை. கீழ்வகுப்புகளில் தமிழில் படித்த மாணவன், உயர்நிலைப் பள்ளியின் நான்காம் பாரத்தை எட்டும்போது பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மாறியாக வேண்டும். முதல் மூன்று பாரங்களில் அவன் கற்ற தமிழ்ச் சொற்கள் அதற்குமேல் பயன்படவில்லை. மேலே செல்ல வழியில்லாத சொல்லை ஆசிரியரும் பொருட்படுத்தவில்லை; மாணவனும் பொருட்படுத்தவில்லை.

பாரதி வகுத்த எல்லை

இந்நிலையை மாற்றக் குரல் கொடுத்தவருள் முதன்மையானவர் பாரதியார். அவர் எழுதிய 'தேசியக் கல்வி' என்னும் கட்டுரை, கிராமந்தோறும் பள்ளிக்கூடம் எடுப்பது எவ்வாறு என்பதைச் செய்முறைத் திட்டமாகவே கூறுகிறது. எழுத்து, கணக்கு, சரித்திரம், பூமி சாஸ்திரம், சமயம், அரசியல், பொருள்நூல், பௌதிக சாஸ்திரம், கைத்தொழில், வேளாண்மை, உடற்பயிற்சி, யாத்திரை என அவர் பாடங்களை வரிசைப்படுத்தினார். பூமி சாஸ்திரத்தோடு சூரிய மண்டலத்தையும் நட்சத்திரங்களையும் சேர்த்துக் கற்பிக்குமாறு கூறினார். இன்றைய நடுநிலைப் பள்ளியின் அறிவியலும் சமூக அறிவியலும் ஏறக்குறைய இப்பட்டியலுக்குள் அடங்கிவிடுகின்றன.

அக்கட்டுரையில் கலைச்சொற்களைப் பற்றி அவர் வகுத்த நெறி தனியே எண்ணத்தக்கது. இயன்றவரை தமிழ்ச்சொல்லையே வழங்க வேண்டும். அது கிட்டாதபோது வடசொல்லை வழங்கலாம். அதுவும் கிட்டாதபோது, பொருள்களின் பெயருக்கு மட்டும் ஆங்கிலச் சொல்லைக் கொள்ளலாம் என்றார். குணம், செயல், நிலைமை ஆகியவற்றுக்கு ஆங்கிலச் சொல்லை ஒருகாலும் வழங்கலாகாது என்று உறுதியாகத் தடுத்தார்.

கவிஞர் ஒருவரே இவ்வெல்லையைக் கண்டிருக்க முடியும். பெயர் வெளியிலிருந்து வரலாம். வினை வெளியிலிருந்து வந்தால் வாக்கியமே பிறமொழியாகிவிடும். 'ஆக்சிஜன்' என்னும் பெயரை ஏற்ற பிள்ளையால், 'இரும்பு ஆக்சிஜனுடன் சேர்ந்து துருப்பிடிக்கிறது' என்று தமிழில் சிந்திக்க இயலும். சேர்தலுக்கும் துருப்பிடித்தலுக்கும் தமிழ் இல்லையாயின் அப்பிள்ளையால் சிந்திக்கவே இயலாது. ஒப்பிக்க மட்டுமே இயலும். பின்வந்த அரை நூற்றாண்டில் வடசொல்லா, தமிழ்ச்சொல்லா, ஆங்கிலச் சொல்லா என்று நிகழ்ந்த போராட்டத்தின் முடிவில், பாடநூல் வந்து நின்ற இடம் பெரும்பாலும் இந்த எல்லைக்கோடே ஆகும்.

சேலத்திலிருந்து சென்னை வரை

1916ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அவ்வாண்டில் சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜி, வெங்கடசுப்பையருடன் கூடித் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை நிறுவி, சொற்பட்டியல்களைத் தாங்கிய இதழையும் வெளியிட்டார். அதே ஆண்டில் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். ஒருபுறம், இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாகும் என்று வடசொற்களை நாடிய நோக்கு. மறுபுறம், தமிழ் தன் வேரிலிருந்தே தளிர்க்க வல்லது என்ற நோக்கு. இரண்டும் ஒரே ஆண்டில் உருப்பெற்றன. பின்னர் எழுந்த சொற்போர்கள் யாவும் இவ்விரு நோக்குகளின் மோதலே எனலாம்.

1932ஆம் ஆண்டில் சென்னை அரசு வெளியிட்ட கலைச்சொற் பட்டியலில் வடசொற்கள் மிகுந்திருந்தன. தமிழாசிரியர்கள் இதனை ஏற்கவில்லை. 1934ஆம் ஆண்டில் நெல்லையில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் இப்பணியைத் தானே மேற்கொண்டது. அதன் செயலாளர் இ. மு. சுப்பிரமணிய பிள்ளை, பள்ளி ஆசிரியர்களிடமும் துறை வல்லுநரிடமும் சொற்களைத் திரட்டினார். அவற்றை ஆராய 1936ஆம் ஆண்டில் சென்னையில் மாநாடு கூடியது. தலைமை ஏற்றவர் சுவாமி விபுலாநந்தர்.

இத்தலைமை தற்செயலானதன்று. கிழக்கிலங்கைக் காரைதீவில் 1892ஆம் ஆண்டில் பிறந்த விபுலாநந்தர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டதாரி, யாழ்ப்பாணத்தில் அறிவியல் ஆசிரியர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர், இவற்றோடு கவிஞர். வகுப்பறையில் நின்று அறிவியலைக் கற்பித்த கவிஞர் ஒருவர், எச்சொல் பிள்ளையின் நாவில் நிற்கும், எச்சொல் நில்லாது உதிரும் என்பதை அறிந்திருந்தார். மாநாட்டின் பயனாகச் சுமார் 10,000 சொற்களைக் கொண்ட 'கலைச்சொற்கள்' என்னும் தொகுப்பு 1938ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அதே 1938ஆம் ஆண்டில்தான் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழியைப் பயிற்றுமொழியாக்கும் ஏற்பாடும் சென்னை மாகாணத்தில் தொடங்கியது. அப்போது மாகாணத்தின் பிரதமராக இருந்தவர், 1916ஆம் ஆண்டில் சேலத்தில் சொற்பட்டியல் வெளியிட்ட இராஜாஜியே. மூன்றாம் பாரத்தோடு முடிந்துபோன தமிழ்ச் சொற்களுக்கு மேலே செல்ல வழி திறந்தது. சொல்லுக்கு வாழ்வு தருவது அகராதியன்று, அடுத்த வகுப்பே என்பது இதனால் புலனாயிற்று.

போராட்டம் அதனோடு ஓயவில்லை. 1940ஆம் ஆண்டில் அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைத்த கலைச்சொற் குழு வடமொழிச் சார்புடையது என்று தமிழறிஞரிடையே கடும் எதிர்ப்புக் கிளம்பியது. இன்று அப்பூசலைப் படிப்போர்க்கு அது மிகையாகத் தோன்றக்கூடும். ஆயினும், பிள்ளைகளின் வாயில் எந்தச் சொல்லை இடுவது என்பதற்காக ஒரு நாடு கூட்டம் கூட்டி வாதாடியது என்பது சிறிய செய்தியன்று.

சமூகப் பாடம் என்னும் புதுவரவு

அறிவியலுக்குச் சொல் தேடிய வரலாறு இவ்வாறிருக்க, சமூக அறிவியலின் கதை வேறு. சரித்திரம், பூகோளம், குடிமைப் பயிற்சி ஆகியவை முன்பு தனித்தனிப் பாடங்கள். இவற்றை ஒன்றாக்கிக் கற்பிக்கும் எண்ணம் அமெரிக்காவில் வலுப்பெற்றது. அங்குத் தேசியக் கல்விச் சங்கத்தின் குழு 1916ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை அதற்கு வடிவம் தந்தது. இந்தியாவில் அதனை வற்புறுத்தியது 1952–53ஆம் ஆண்டுகளின் இடைநிலைக் கல்விக் குழு. அதன் தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். நடுநிலைப் பள்ளியில் மொழிகள், சமூகப் பாடம், பொது அறிவியல், கணிதம், கலையும் இசையும், கைத்தொழில், உடற்கல்வி ஆகியவை அமைய வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. 'சமூகப் பாடம்' என்றும் 'சமூக இயல்' என்றும் வழங்கி, பின்னர்ச் 'சமூக அறிவியல்' என்று நிலைத்த பெயரின் பின்னணி இதுவே.

இப்பாடத்தின் உள்ளடக்கமோ இலக்கியத்துக்கு மிகவும் கடன்பட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளை இன்று சிந்துவெளி நாகரிகத்தையும் பூம்புகார், மதுரை, காஞ்சி ஆகிய பண்டைய நகரங்களையும் படிக்கிறது. 1880ஆம் ஆண்டில் பள்ளியில் இருந்த பிள்ளைக்கு இவ்விரு பாடங்களையும் எழுதித் தர எவராலும் இயன்றிராது. அரப்பாவில் 1921ஆம் ஆண்டிலும் மொகஞ்சதாரோவில் 1922ஆம் ஆண்டிலும் அகழாய்வு தொடங்கியது. 1924ஆம் ஆண்டில்தான் ஜான் மார்ஷல் அந்நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889ஆம் ஆண்டிலும், சிலப்பதிகாரத்தை 1892ஆம் ஆண்டிலும், புறநானூற்றை 1894ஆம் ஆண்டிலும் பதிப்பித்தார். காவிரிப்பூம்பட்டினத்தில் எப்பொருள் வந்து இறங்கியது, எப்பொருள் ஏறிச் சென்றது என்பதற்குப் பட்டினப்பாலையே சான்று. புலவர் பாடிய பாட்டு, வகுப்பறையில் வணிக வரலாறாக மாறி நிற்கிறது. ஏட்டுச்சுவடி அச்சேறாதிருப்பின் பாடநூலின் அப்பக்கம் வெறுமையாகவே இருந்திருக்கும்.

வரைபடமும் மாறிக்கொண்டே வந்தது. 1950ஆம் ஆண்டில் படித்த பிள்ளையின் சென்னை மாநிலத்தில் ஆந்திரப் பகுதியும் மலபாரும் அடங்கியிருந்தன. 1953ஆம் ஆண்டில் ஆந்திரம் பிரிந்தது. 1956ஆம் ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. 1969ஆம் ஆண்டில் தமிழ்நாடு என்னும் பெயர் வந்தது. அறிவியல் நூலும் இதற்கு விலக்கன்று. கோள்கள் ஒன்பது என்று படித்த தலைமுறையின் பிள்ளைகள், 2006ஆம் ஆண்டில் உலக வானியலாளர் செய்த முடிவுக்குப் பின் எட்டு என்று படிக்கின்றனர். பாடநூல் முடிந்த முடிபு அன்று. அவ்வக்காலத்து அறிவின் நிலைக்கண்ணாடி.

கலைக்களஞ்சியமும் பாடநூலும்

நாடு விடுதலை பெற்றபோது தமிழில் பாடம் சொல்ல விரும்பிய ஆசிரியர்க்கு நம்பிப் புரட்டத்தக்க பெருநூல் ஒன்று இல்லை. அக்காலத்துக் கல்வி அமைச்சர் தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் 1946ஆம் ஆண்டில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். அக்கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. தொடர்ந்து சிறுவர்க்கென்றே பத்துத் தொகுதிகளில் குழந்தைகள் கலைக்களஞ்சியமும் 1976ஆம் ஆண்டுக்குள் நிறைவெய்தியது. இரண்டிற்கும் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன்.

தூரன் கவிஞர், இசைப்பாடல்கள் இயற்றியவர், பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தவர். பாரதியார், விபுலாநந்தர் ஆகியோரின் வரிசையில் மூன்றாமவராக இவரை வைத்துப் போற்றுதல் தகும். பாரதியார் நெறி வகுத்தார். விபுலாநந்தர் சொல் ஆய்ந்தார். தூரன் அச்சொற்களை வாக்கியங்களில் நடமாட விட்டார். அணுவையும், இதயத்தையும், எரிமலையையும் பற்றித் தெளிந்த தமிழில் கட்டுரை எழுதலாம் என்று காட்டியபின், 'தமிழில் இயலுமா' என்ற கேள்வி வலுவிழந்தது. வழக்கறிஞராக இருந்து அறிவியல் எழுத்தாளராக மலர்ந்த பெ. நா. அப்புசாமியின் தொண்டும், 'திண்ணை ரசாயனம்' எழுதிய இராஜாஜியின் தொண்டும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கன.

நூல் இருந்தாலும் பிள்ளை பள்ளிக்கு வந்தாலன்றோ பயன்? காமராசர் முதலமைச்சராக இருந்த 1954–1963 காலத்தில் பள்ளிகள் பெருகின. 1956ஆம் ஆண்டில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. முன்பு பள்ளி வாயிலையே மிதியாத குடும்பங்களின் பிள்ளைகள் நடுநிலை வகுப்புகளை எட்டினர். அவர்களுக்கு வீட்டில் ஆங்கிலமும் இல்லை, வடமொழியும் இல்லை. 'உஷ்ணம்' என்பதைக் காட்டிலும் 'வெப்பம்' என்பதும், 'பூமத்திய ரேகை' என்பதைக் காட்டிலும் 'நிலநடுக்கோடு' என்பதும் அவர்கட்கு எளிதில் விளங்கின. கலைச்சொல்லைத் தமிழாக்க வேண்டும் என்ற வாதம் புலவர் அவையிலிருந்து ஏழையின் தேவையாக மாறியது இக்காலத்தில்தான்.

1970ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தோன்றியது. அதற்குமுன் தனியார் வெளியீட்டாளர்கள் ஆளுக்கொரு சொல்லை வழங்கிவந்த நிலை மெல்ல மறைந்தது. சரித்திரம் வரலாறாயிற்று, பூகோளம் புவியியலாயிற்று, பௌதிகம் இயற்பியலாகவும், ரசாயனம் வேதியியலாகவும், விஞ்ஞானம் அறிவியலாகவும் மாறின. தமிழ் அனைத்திடத்தும் வென்றது என்று கூறுவதற்கில்லை. பிராணவாயு போயிற்று, அதற்கு மாற்றாக வந்த உயிர்வளியும் பாடநூலில் நிலைக்கவில்லை, ஆக்சிஜனே நின்றது. அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்பவற்றில் பாதி வடசொல் இன்னும் தங்கியிருக்கிறது.

ஆயினும் வினைகளைப் பார்த்தால் பாரதியாரின் எல்லை காக்கப்பட்டிருப்பது தெரியும். ஆவியாதல், உருகுதல், உறைதல், செரித்தல் யாவும் பிள்ளை அடுக்களையிலேயே அறிந்த சொற்கள். பதங்கமாதல் சித்தர் பட்டறையிலிருந்து வந்தது. 'வளி' என்னும் சங்கச் சொல் வளிமண்டலத்தில் உயிர்த்தெழுந்தது. ஏழாம் வகுப்பில் வரும் 'திசைவேகம்' இன்னும் சிறந்த சான்று. வேகம் எவ்வளவு என்பதோடு எத்திசையில் என்பதும் சேர்ந்தால் திசைவேகம். சொல்லைப் பிரித்தாலே இலக்கணம் கிடைத்துவிடுகிறது. ஆசிரியர் பாதி வேலையைச் சொல்லிடமே ஒப்படைத்துவிடலாம். ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளை இவ்வேறுபாட்டைச் சொல்லிலிருந்து பெற இயலாது. தனியே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இரு கரைகள்

கடலுக்கு அப்பால் இலங்கையில் இதே மொழி வேறு வழியில் நடந்தது. 1945ஆம் ஆண்டை ஒட்டி அங்குத் தாய்மொழிக் கல்வி உறுதிபெற்றது. பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டுப் பிள்ளை ஒளிச்சேர்க்கை என்பதை இலங்கைப் பிள்ளை ஒளித்தொகுப்பு என்கிறது. ஆக்சிஜன் அங்கு ஒட்சிசன், ஹைட்ரஜன் ஐதரசன், கார்பன் டைஆக்சைடு காபனீரொட்சைட்டு. வடசொல் தமிழில் வருங்கால் தமிழ் எழுத்துக்கு இயைந்து வரவேண்டும் என்று தொல்காப்பியர் வகுத்த விதியை, ஆங்கிலச் சொல்லுக்கும் நீட்டியவர் இலங்கைத் தமிழர். அறிவியல் என்ற சொல் தமிழ்நாட்டில் வேரூன்றியபோது, விஞ்ஞானம், பௌதிகவியல், இரசாயனவியல் என்பன இலங்கையில் நிலைத்தன.

இவ்வேறுபாட்டைக் குறையென்று மட்டும் கொள்ளலாகாது. ஒரே பொருளுக்கு இரு கரைகளிலும் தமிழர் தனித்தனியே சொல் கண்டனர் என்பது மொழியின் ஆற்றலுக்குச் சான்று. ஆனால், இடம்பெயர்ந்து வந்த இலங்கைப் பிள்ளை தமிழ்நாட்டு வகுப்பறையில் அமரும்போது, தாய்மொழியிலேயே தடுமாற நேர்கிறது. பிராணவாயு என்று படித்த பாட்டனும், ஆக்சிஜன் என்று படிக்கும் பேரனும், ஒட்சிசன் என்று படித்த விருந்தினரும் ஒரே வீட்டில் அமர்ந்து பேசும் காட்சி இன்று அரிதன்று. மூவரும் உள்ளிழுப்பது ஒரே காற்றைத்தான்.

மலேசியத் தமிழ்ப் பள்ளிகளின் நிலை வேறு. அங்குத் தமிழ்ப் பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. இடைநிலைப் பள்ளியில் அறிவியலைத் தமிழில் தொடர வழியில்லை. நான்காம் பாரத்தில் சென்னை மாகாணத்துப் பிள்ளை அன்று எதிர்கொண்ட அதே தடையை மலேசியத் தமிழ்ப் பிள்ளை வேறு வடிவில் எதிர்கொள்கிறது.

தேர்வு மண்டபத்துக்கு அப்பால்

2010–11ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டில் முதல் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் சமச்சீர்க் கல்வி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அது வழக்குக்கு உள்ளாகி, 2011ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நிலைபெற்றது. அதுவரை மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், கீழைத்தேயப் பாடத்திட்டம் எனப் பிரிந்து நின்ற பிள்ளைகள் ஒரே பாடத்தைப் படிக்கலாயினர். 2018ஆம் ஆண்டு முதல் மீண்டும் புதிய பாடநூல்கள் வந்தன. வண்ணப் படங்களும், செயல்பாடுகளும் மிகுந்தன.

நூல் செழித்த இக்காலத்திலேயே அதனைத் தமிழில் படிப்போர் குறையும் போக்கும் வலுப்பெற்றது. தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகளை நாடிப் பெற்றோர் சென்றனர். 2013ஆம் ஆண்டை ஒட்டி அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. பெற்றோரைக் குறைகூறிப் பயனில்லை. மேற்படிப்பும் வேலையும் எம்மொழியில் உள்ளனவோ அம்மொழியை அவர் நாடுகின்றனர். 1938ஆம் ஆண்டுக்கு முன்னர் நான்காம் பாரத்தில் நின்ற சுவர் இடிந்துபோகவில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்கு அப்பால் தள்ளி வைக்கப்பட்டது, அவ்வளவே. அச்சுவரின் நிழல் இப்போது ஆறாம் வகுப்பு வரை நீண்டு விழுகிறது.

இந்நிலையில் சொற்களின் கதி யாது? திசைவேகம், முடுக்கம், ஒளிச்சேர்க்கை, வளிமண்டலம், நிலநடுக்கோடு ஆகியவை ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான பிள்ளைகளின் நாவில் ஏறுகின்றன. ஆண்டிறுதித் தேர்வோடு பெரும்பாலானவை இறங்கிவிடுகின்றன. கடைத்தெருவில் அவற்றுக்கு இடமில்லை; கதைகளில் அவை அரிதாகவே தலைகாட்டுகின்றன; கவிதையில் அதனினும் அரிது. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் 1987ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வந்த 'துளிர்' போன்ற சிறுவர் இதழ்களே அச்சொற்களைத் தேர்வு மண்டபத்துக்கு வெளியே அழைத்துவந்த சிலவற்றுள் அடங்கும். நூறாண்டுப் போராட்டத்தால் பெற்ற செல்வம் மூன்று வகுப்புகளின் விடைத்தாள்களுக்குள் முடங்கிக் கிடக்கிறது.

சங்கப் புலவர்க்கு இத்தகைய தயக்கம் இருந்ததில்லை. வெள்ளி என்னும் கோளும், ஞாயிற்றின் செலவும், கடல்நீர் மேகமாகி மழையாகப் பொழிந்து மீண்டும் கடல் சேர்வதும் அவர்தம் பாட்டில் இயல்பாக நடமாடின. அக்காலத்து அறிவு எதுவோ அதுவே பாடுபொருளாயிற்று. அவர்கள் பாடியதனாலேயே அச்சொற்கள் இரண்டாயிரம் ஆண்டு கடந்து, பாடநூல் எழுதுவோர் கைக்குக் கிடைத்தன. 'வானூர்தி' என்று பெயரிட முனைந்தவர்க்குப் புறநானூறு துணைநின்றது இவ்வாறே.

பாரதியார், விபுலாநந்தர், தூரன் ஆகிய மூவரும் கவிதையையும் கலைச்சொல்லையும் வேறுவேறு உலகமாகக் கருதவில்லை. சொல்லை ஆக்கும் பணி பெரும்பாலும் நிறைவேறிவிட்டது. ஆக்கிய சொல்லுக்கு வாழ்வளிக்கும் பணி எஞ்சியுள்ளது. அது குழுக்களாலும் ஆணைகளாலும் முடிவதன்று. இன்று ஏழாம் வகுப்பில் முடுக்கம் என்னும் சொல்லை முதன்முதலாகக் கேட்கும் பிள்ளை, பத்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு கவிதைத் தொகுதியைத் திறக்கும்போது அச்சொல்லை அங்கே மீண்டும் சந்திக்குமாயின், தான் பள்ளியில் கற்றது தன் மொழியே என்று உணரும். அச்சந்திப்பை நிகழ்த்தித் தருவது தமிழ்க் கவிஞர் கடன்.